கேடயக்காரனுக்கு மட்டும் ஏன் இத்தனை முட்டுக்கட்டை?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசைக் கதையாட்டத்தின் ஐந்தாம் பதிப்பில் கேடயம் ஏந்திய ஃபைட்டரை (போர்வீரப் பாத்திரத்தை) விரும்பி ஆடுகிறவர்களின் வயிற்றெரிச்சலை இன்று கொட்டித் தீர்த்துவிடுகிறேன். கேடயம் தரும் +2 தற்காப்பே போதும் என்று இருப்பவர்களுக்கு இந்த வலி புரியாது. எதிரியைக் கேடயத்தால் இடித்துக் கீழே தள்ளி, அவன் எழுவதற்குள் வெட்டி, பக்கத்தில் நிற்கும் தோழன்மேல் விழவிருக்கும் அடியையும் தடுக்க வேண்டும் என்று பல நாள் யோசித்துத் திறன்களைக் கோத்து வைத்தால், ஆட்ட மேசையில் அந்தச் சரடு அறுந்துபோகிறது.

நான்காம் லெவலில் வலிமையை 16இலிருந்து 18 ஆக்கும் வாய்ப்பைத் துறந்துதான், கேடயத்தால் இடித்துத் தள்ள விடும் ஷீல்டு மாஸ்டர் என்ற ஃபீட்டை (சிறப்புத் திறனை) எடுத்தேன். அதற்கு முன்பே, முதல் லெவலில் கிடைக்கும் ஒரே சண்டைப் பாணியாக, ஒவ்வொரு வெட்டுக்கும் +2 சேதம் தரும் டூயலிங்கை ஒதுக்கிவிட்டு, பக்கத்துத் தோழனைக் காக்கும் புரொடெக்‌ஷனைத் தேர்ந்திருந்தேன். இரண்டு கையாலும் பெரிய வாளைப் பிடித்திருக்கும் எங்கள் குழுவின் இன்னொரு ஃபைட்டருக்கு இப்படி எதையும் இழக்க வேண்டியிருக்கவில்லை.

ஐந்தாம் லெவலில், இரண்டு வெட்டுகள் கைக்கு வந்தபின், ஓர் ஓகர் எதிரே வந்து நின்றது. முதலில் இடித்துத் தள்ளிவிட்டால், விழுந்து கிடப்பவன்மேல் என் இரண்டு வெட்டுகளுக்கும் அட்வான்டேஜ் கிடைக்கும், அதாவது இருபது முக டைஸை இரண்டு முறை உருட்டி உயர்ந்த எண்ணை எடுத்துக்கொள்ளலாம். கூடாது என்றார் டிஎம், அதாவது ஆட்டத்தை நடத்துபவர். தாக்குதல் ஆக்‌ஷன் முழுவதும் முடிந்த பிறகுதான், இடிப்பதற்கென்று கூடுதலாகக் கிடைக்கும் அந்த போனஸ் ஆக்‌ஷன் என்றார். வெட்டினேன், ஒன்று பட்டது, ஒன்று தவறியது. அதன் பின் தள்ளினேன், ஓகர் விழுந்தது. அடுத்த முறை யாருடையது? எங்கள் வில்லாளியுடையது! விழுந்து கிடப்பவனைத் தூரத்திலிருந்து எய்தால் டிஸ்அட்வான்டேஜ், அதாவது இரண்டு உருட்டலில் தாழ்ந்த எண்தான் என்பதால், அவருடைய அம்பு வீணாகப் போனது. அதன் பின் ஓகர் தன் நாற்பது அடி நகர்வில் இருபதைச் செலவழித்து எழுந்து, என் பக்கத்திலேயே நின்ற மந்திரவாதியைத் தடியால் அடித்து வீழ்த்தியது.

அந்த அடியைத் தடுக்கத்தானே புரொடெக்‌ஷன் எடுத்தேன்? ஆனால் அடுத்தவர் செயலுக்கு இடையில் எதிர்வினையாற்ற ஒரு சுற்றுக்கு ஒரே ஒரு ரியாக்‌ஷன். அதை, தப்பி ஓடிய கோப்ளின்மேல் ஏற்கெனவே செலவழித்திருந்தேன். ஓடுபவனை வெட்டுவதற்கும் அதுதான், தோழனைக் காப்பதற்கும் அதுதான், வெடித்து வரும் நெருப்பைக் கேடயத்தால் மறைத்துச் சேதமில்லாமல் தப்புவதற்கும் அதுதான். இதோடு சென்டினல் என்ற ஃபீட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று அறிவுரை சொல்கிறவர்கள், அதுவும் இதே ரியாக்‌ஷனைத்தான் கேட்கும் என்பதை ஏன் எண்ணிப் பார்ப்பதில்லை?

டிஎம்மை நான் குற்றம் சொல்லவில்லை. தள்ளுவதை வெட்டுக்கு முன்னும் செய்யலாம், பின்னும் செய்யலாம் என்று 2015இல் விதி வடிவமைப்பாளரே சொன்னார். அதை நம்பி எத்தனையோ பேர் தங்கள் பாத்திரங்களை அமைத்துவிட்ட பிறகு, 2018இல் அவரே அதை மாற்றி, பின்னால் மட்டும்தான் என்றார். மூன்றாண்டுகள் ஆடிப் பழகிய ஒரு வித்தையை ஒரே விளக்கத்தில் பிடுங்கிக்கொண்டால் ஆத்திரம் வராதா?

2024இல் வந்த திருத்திய விதிகளில் இதைச் சரிசெய்திருக்கிறார்கள் என்பதை ஒப்புக்கொள்கிறேன். வெட்டு ஒன்று பட்டவுடனே, போனஸ் ஆக்‌ஷனைச் செலவழிக்காமல் இடிக்கலாம். அவன் விழுந்தால் இரண்டாம் வெட்டுக்கு அட்வான்டேஜ் உண்டு. புரொடெக்‌ஷனும் ஓர் அடியோடு நின்றுவிடாமல், அடுத்த முறை வரும்வரை தோழனைக் காக்கிறது. ஆனால் ஆபத்திலிருந்து விலகித் தப்ப உருட்டும் டெக்ஸ்டெரிட்டி சேவுக்குக் கேடயத்தின் +2ஐக் கூட்டிக்கொள்ளும் வசதியைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டார்கள். அந்த ஒற்றை ரியாக்‌ஷனும் அப்படியேதான் இருக்கிறது.

இன்னும் 2014இல் வந்த பழைய விதிகளிலேயே ஆட்டம் நடத்தும் டிஎம்களை, எங்களுடையவர் உட்பட, கேட்டுக்கொள்கிறேன்: முதல் வெட்டுக்கும் இரண்டாம் வெட்டுக்கும் இடையிலாவது இடிக்க விடுங்கள். ஒரு ஃபீட்டையும் ஒரு சண்டைப் பாணியையும் முழுதாகக் கொடுத்துத்தான் அந்தக் கேடயத்தைத் தூக்கிக்கொண்டு முன்வரிசையில் நிற்கிறோம்.