தேங்காய் விலைக்கு ‘இஸ்’தான் வரும்

ஆங்கிலத்தில் வினைச்சொல் தனக்கு முன்னால் ஒட்டி நிற்கும் பெயரைப் பார்த்துத்தான் மாறும், அதனால் ‘தி பிரைஸ் ஆஃப் கோகனட்ஸ் ஆர் ஹை’ என்பதே சரி என்று மேலே அண்ணன் ஒருவர் எழுதியிருக்கிறார். பொள்ளாச்சித் தேங்காய் விலை பற்றிய பேச்சுக்கு நடுவில் வந்தது இது. தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாங்க, அங்கே ‘இஸ்’தான் வரும். உயர்ந்திருப்பது விலை. அது ஒருமை.

‘ஆஃப் கோகனட்ஸ்’ என்பதை விரலால் மறைத்துவிட்டுப் படித்துப் பாருங்கள்: ‘தி பிரைஸ் ஆர் ஹை’. காதே ஒத்துக்கொள்ளாது. நம் தமிழிலும் ‘தேங்காய்களின் விலை ஏறியது’ என்றுதானே சொல்கிறோம், ‘ஏறின’ என்றா சொல்கிறோம்? அப்புறமும் சந்தேகம் இருந்தால் பள்ளி ஆங்கில இலக்கணப் புத்தகத்தில் எழுவாயும் வினையும் இயைவது பற்றிய பாடத்தைப் புரட்டலாம்.

அண்ணன் சொன்ன விதி அடியோடு இல்லாததும் அல்ல. ‘நைதர்’, ‘நார்’ சேர்ந்து வரும்போது கிட்டத்துப் பெயரைத்தான் பார்ப்பார்கள்: ‘நைதர் தி ஓனர் நார் தி வொர்க்கர்ஸ் ஆர் ஹியர்’. அது இங்கே வந்து ஒட்டிக்கொண்டது போலிருக்கிறது.