கோழிக்குஞ்சு வேண்டாம், வேலை பழக்குங்கோ

முகமாலையில் 11 வருடம் மிதிவெடி அகற்றினேன். முழங்காலில் இருந்து, முகத்தில் வைசரோடு, றேக்கால் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டுகிற வேலை. 42 வயதில் அது முடிந்தது. முடியத்தான் வேண்டும். இலங்கை 2017 டிசெம்பரில் மிதிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது, 2028 ஜூனுக்குள் நிலத்தைத் துப்புரவாக்க வேண்டும் என்பது கெடு. நாங்கள் கெதியாகச் செய்தால் கெதியாக வீட்டுக்குப் போவோம். விசித்திரமான உத்தியோகம்.

பிறகு என்ன செய்வது? கேட்ட எல்லோருக்கும் ஒரே பதில்தான்: கோழி, தையல் மெஷின், பெட்டிக்கடை. ஒரு வாழ்வாதாரக் கூட்டத்தில் படிவம் தந்தார்கள். கணவர் இருக்கிறாரா, எத்தனை பிள்ளைகள், காணி உறுதி இருக்கிறதா என்றெல்லாம் கேட்டிருந்தது. என்ன வேலை தெரியும் என்று மட்டும் கேட்கவில்லை. கடன் எடுத்துத் தொழில் தொடங்கு என்றார் இன்னொருவர். நுண்கடன்காரர் படலையில் நிற்பதைப் பார்த்துப் பிள்ளைகள் வளர்ந்த ஊர் ஐயா இது!

அறிவியல்நகரில் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் இருக்கிறது, நல்ல இடம். ஆனால் முழுநேரம் நான் போய்ப் படித்தால் வீட்டுக்கு அரிசி யார் வாங்குவது? தவிர, மகனோடு படித்த பெடியளுக்குப் பக்கத்தில் இருக்க வெட்கம். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

கடைசியில் வழி காட்டியவர் பரந்தனில் வயரிங் செய்யும் ஒரு அண்ணை. ஏணி பிடிக்க ஆள் இல்லை என்று கூப்பிட்டார், போனேன். மூன்றாம் நாள் ஒரு பிளக்கைக் கழற்றச் சொன்னார். மெயினை நிறுத்தினேன், டெஸ்டரை வைத்துப் பார்த்தேன், திரும்பவும் பார்த்தேன், வயர் ஒவ்வொன்றிலும் ரேப் ஒட்டி அடையாளம் போட்டேன். அதற்குப் பிறகுதான் கை வைத்தேன். அண்ணை பேசாமல் பார்த்துக்கொண்டு நின்றார். "பிள்ளை, உனக்கு இந்த வேலை தெரியும். வயரைத்தான் தெரியாது" என்றார். 11 வருடத்தை ஒருவர் கணக்கில் எடுத்தது அன்றைக்குத்தான்.

முன்கற்றல் அங்கீகாரம், அதாவது ஆர்.பி.எல் பற்றிச் சொன்னவரும் அவர்தான். வகுப்புக்குப் போகாமலே, செய்த வேலைக்குச் சான்று சேர்த்து, மதிப்பீட்டாளர் முன்னால் செய்து காட்டி என்.வி.கியூ என்கிற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் எடுக்கலாம். நைற்றாவில், அதாவது தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபையில் விசாரிக்கலாம். இது பல வருடமாக இருக்கிற ஏற்பாடு. கூட்டம் போட்டுக் கோழிக்குஞ்சு கொடுக்கிறவர்கள் இதை ஏன் ஒரு வரி சொல்வதில்லை? குஞ்சு கொடுத்தால் படம் எடுக்கலாம், அதுதான் என்று நினைக்கிறேன்.

இப்போது ஒவ்வொரு வீட்டு வேலையையும் கொப்பியில் எழுதி, படம் எடுத்து வைக்கிறேன். இரண்டு வீட்டுக்காரர் கடிதமும் தந்துவிட்டார்கள். கூலி பழைய சம்பளத்துக்குக் கிட்டவும் இல்லை, பொய் சொல்லக்கூடாது.

நேற்று இரவு பழைய ரீமில் இருந்து ஒருத்தி போன் எடுத்தாள். அவளுடைய ஒப்பந்தமும் முடியப்போகிறதாம். "அக்கா, கோழி வளர்ப்பமோ?" என்று கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை பரந்தனுக்கு வா, ஏணி பிடிக்க ஆள் வேணும் என்றேன்.