பஸ்கா விருந்துக்கு இறைச்சி கட்டாயம் என்று யார் சொன்னது?

என் கணவர் வீட்டார் யூதர்கள். பஸ்கா பண்டிகையின் முதல் இரண்டு இரவும் அவர்கள் வீட்டில் செடர் என்ற சடங்கு விருந்து நடக்கும், இந்த வருடம் இரண்டாவதை நான் இறைச்சி இல்லாமல் சமைத்தேன். போன பதிவைப் படித்தவர்களுக்கு விஷயம் தெரியும், முழுக்கதையையும் திரும்பச் சொல்லப் போவதில்லை. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சின்ன மாமனார் போட்ட அந்தச் செய்தியைப் பற்றித்தான் இதுவும். "செடர் நன்றாக இருந்தது, சாப்பாடுதான் இல்லை" என்று எழுதினாரே, அது. அதற்குக் கீழே நாலு பேர் சிரிப்புக் குறி வேறு போட்டார்கள். ஆறப்போட்டுப் பார்த்தேன், ஆறவில்லை, அதனால் எழுதுகிறேன்.

பஸ்காவில் விலக்கச் சொன்னது புளித்த மாவை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், கடைசிவரை இதையேதான் சொல்லப் போகிறேன். கோதுமை, பார்லி, ரை, ஓட்ஸ், ஸ்பெல்ட், இந்த ஐந்து தானியங்களின் மாவில் தண்ணீர் பட்டு 18 நிமிடம் சும்மா கிடந்துவிட்டால் அது ஹமெட்ஸ், பண்டிகை முடியும்வரை வீட்டில் இருக்கக் கூடாது. இஸ்ரேலில் 7 நாள், வெளிநாட்டில் இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு 8 நாள். அத்தனை கழுவலும் துடைப்பும் அலமாரிகளுக்கு ஒட்டுநாடா ஒட்டுவதும் அதற்காகத்தான். இறைச்சி வைக்காவிட்டால் செடர் செல்லாது என்று எந்த ரபியும், அதாவது யூத மதகுருவும், சொல்லி நான் கேட்டதில்லை.

செடர் தட்டையே பாருங்களேன். அன்றிரவு சாப்பிட்டே ஆக வேண்டும் என்று விதித்தவை எவை? மாட்சா என்ற புளிக்காத ரொட்டி, கசப்புக் கீரை, உப்புத் தண்ணீரில் தொட்டுச் சாப்பிடும் பார்ஸ்லி, ஆப்பிளும் வால்நட்டும் ஒயினும் சேர்த்துச் செய்யும் ஹரோசெத், நான்கு கிண்ணம் ஒயின். இதில் எதில் இறைச்சி இருக்கிறது? தட்டில் ஓர் எலும்பு இருக்கும், உண்மை. அந்த எலும்பை இந்த வீட்டில் யாரும் சாப்பிடுவதில்லை, அது பழைய ஆட்டுப் பலியின் நினைவுக்காக வைப்பது. அதுவும் பெரும்பாலும் கோழிக் கழுத்து, ஆட்டெலும்புகூடக் கிடையாது. நான் அதற்குப் பதில் சுட்ட பீட்ரூட் வைத்தேன், முதல் முகச்சுளிப்பு அங்கேதான் வந்தது. பீட்ரூட் ஒன்றும் நானாகக் கண்டுபிடித்ததில்லை. யூதர்களின் பழைய சட்ட விவாத நூலான தல்மூதில், பஸ்காவைப் பற்றிய பெசாகிம் பகுதியிலேயே இருக்கிறது. செடரில் வைக்க வேண்டிய இரண்டு சமைத்த பதார்த்தங்கள் எவை என்று கேள்வி வருகிறது, மூன்றாம் நூற்றாண்டு பாபிலோனில் இருந்த ரவ் ஹுனா பதில் சொல்கிறார்: பீட், அரிசி. இரண்டு விதமான இறைச்சி என்று சொன்னவரும் அதே பக்கத்தில் இருக்கிறார், மறைக்கவில்லை. ஆனால் ரவ் ஹுனாவின் பதிலை யாரும் அடித்து நீக்கவில்லையே.

இதெல்லாம் யாருக்காகச் செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் நாத்தனார் மகள் சின்ன வயதிலேயே இறைச்சியை விட்டவள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவளாகவே விட்டாள். ஒவ்வொரு வருடமும் செடர் மேசையில் அவள் தட்டை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மாட்சா, அவித்த முட்டை, இரண்டு உருளைக்கிழங்குத் துண்டு, சாலட். அவ்வளவுதான். சூப் கோழிச் சாறு. சூப்பில் மிதக்கும் மாட்சா உருண்டைகளைப் பிடித்தது கோழிக் கொழுப்பில். கேரட், சர்க்கரைவள்ளி, உலர்ந்த பிளம் போட்டுச் செய்யும் ட்ஸிம்மஸாவது கிடைக்குமா என்றால் அதிலும் மாட்டிறைச்சித் துண்டு. மணிக்கணக்காக ஹகாதா என்ற செடர் நூலை வாசித்து, நான்கு கேள்விகளைப் பாடி, பசியோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அவித்த முட்டை. நம் ஊர்க் கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தவருக்கு மோரும் ஊறுகாயும் மட்டும் வைத்து எழுப்பிவிடுவோமா? அவள் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

செடர் தொடங்கும்போதே மாட்சாவை உயர்த்திப் பிடித்து ஒன்று சொல்வார்கள். பசித்தவர் எல்லாரும் வந்து உண்ணட்டும், தேவைப்பட்டவர் எல்லாரும் வந்து எங்களோடு பஸ்கா கொண்டாடட்டும். சின்ன மாமனார்தான் அதை நல்ல குரலில் வாசிப்பார். அதை வாசித்த வாயால்தான் இதையும் சொன்னார்.

இந்த வருடம் இரண்டாம் நாள் செடரை மாமியார் என்னிடம் விட்டார். என்ன சமைத்தேன் என்று பலர் கேட்டீர்கள். வெங்காயத்தைத் தோலோடு போட்டு, கேரட், செலரி, பார்ஸ்னிப், காய்ந்த காளான் சேர்த்து நிதானமாகக் கொதிக்கவிட்ட சூப். வெங்காயத் தோல்தான் அந்தப் பொன்னிறத்தைக் கொடுப்பது, வடிகட்டிய பிறகு டில் தழையைத் தூவ வேண்டும். மாட்சா உருண்டைக்குக் கோழிக் கொழுப்புக்குப் பதில் வெண்ணெய். காளானும் வால்நட்டும் நன்றாக வதக்கிய வெங்காயமும் அவித்த முட்டையும் சேர்த்து அரைத்த, ஈரல் இல்லாத "ஈரல்". லீக்கை வேகவைத்து, ஒட்டப் பிழிந்து, மசித்த உருளைக்கிழங்கு, முட்டை, மாட்சாத் தூள் சேர்த்துப் பொரிக்கும் கெஃப்தேஸ். அப்புறம் மினா.

மினாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சலோனிகா, இஸ்மிர், ரோட்ஸ் தீவு என்று கிரீஸ், துருக்கிப் பக்கம் வாழ்ந்த, ஸ்பெயின் வழிவந்த செபார்டிக் யூதர்களின் பஸ்காப் பண்டம் இது. மாட்சாவைத் தண்ணீரில் நனைத்து வளையும் பதத்தில் எடுக்க வேண்டும், ஒரு நிமிடம் கூடினாலும் கூழாகிவிடும். அதைத் துணியில் ஒற்றி, எண்ணெய் தடவிய தட்டில் பரப்பி, மேலே வதக்கிப் பிழிந்த கீரை, ஃபெட்டா சீஸ், முட்டை, மறுபடி மாட்சா, மறுபடி கீரை. கடைசி அடுக்கின் மேல் முட்டை தடவி அடுப்பில் வைத்தால் ஓரம் மொறுமொறுவென்று, உள்ளே மெத்தென்று வரும். இறைச்சியும் பாலும் ஒரே சாப்பாட்டில் சேரக் கூடாது என்பதால் வழக்கமான செடரில் வெண்ணெய், சீஸ் எதையும் தொட முடியாது. இறைச்சி இல்லையென்றால் இரண்டையும் தாராளமாகப் போடலாம். ஒன்றைக் குறைத்ததால் இத்தனை பண்டம் கூடியது. இதற்குப் பெயர் சாப்பாடு இல்லாத செடரா?

விதி எதையாவது மீறினேனா? அதையும் பார்த்துவிடலாம். மாமியார் அஷ்கெனாசி, அதாவது மத்திய, கிழக்கு ஐரோப்பிய யூத வழக்கக்காரர், அவர் வீட்டில் பஸ்காவில் கிட்னியோட் கிடையாது. அரிசி, பருப்பு, பயறு, சோளம், எள், கடுகு எதுவும் கிடையாது. மத்தியகால ஐரோப்பாவில் தொடங்கிய வழக்கம் இது. ஈராக், ஏமன் யூதர்கள் பலர் பஸ்காவில் அரிசி சாப்பிடுகிறார்கள், ஒரு கோதுமை மணிகூடக் கலந்திருக்கக் கூடாது என்று மூன்று தடவை புடைத்துப் பொறுக்கி எடுத்து. அமெரிக்க யூதர்களின் கன்சர்வேட்டிவ் பிரிவும் 2015 இறுதியில் கிட்னியோட் சாப்பிடலாம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது, என் கணவர் வீட்டார் போகும் கோயிலும் அந்தப் பிரிவுதான். ஆனாலும் மாமியார் அவர் அம்மா காட்டிய வழியை விடவில்லை. நான் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியதில்லை. கடுகு தாளிக்காமல், உளுந்து, கடலைப்பருப்பு இல்லாமல் சமைப்பது எனக்கு எப்படி இருக்கும் என்று இதைப் படிக்கும் உங்களுக்குத் தெரியும். சீரகமும் வெந்தயமும்கூடச் சிலர் சேர்ப்பதில்லை, அதையும் விட்டேன். டப்பாவில் வரும் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும், அது ஹமெட்ஸ். ஹார்லிக்ஸ் மால்ட், அதுவும் போனது. ரவை, சேமியா, பெருங்காயம், ஹார்லிக்ஸ் எல்லாவற்றையும் அலமாரியில் வைத்து ஒட்டுநாடா போட்டவள் நான்தான். எஞ்சிய தேங்காய்ப்பால், இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, எலுமிச்சையை வைத்து ஒரு சொதி செய்தேன். பாசிப்பருப்பு இல்லாத சொதி, என் அம்மா பார்த்தால் ஒப்புக்கொள்ள மாட்டார். நாத்தனார் மகள் மூன்று தடவை கேட்டு வாங்கினாள்.

"பைபிளில் யாத்திராகமம் 12-ல் ஆட்டுக்குட்டி என்று இருக்கிறதே" என்று போன பதிவின் கீழே ஒருவர் எழுதியிருந்தார். இருக்கிறது. அது எருசலேமில் யூதர்களின் ஆலயம் இருந்த காலத்துப் பலி. கி.பி. 70-ல் ஆலயம் இடிந்த பிறகு அந்தப் பலி நின்றுவிட்டது. அதனால்தான் அஷ்கெனாசி வீடுகளில் செடர் இரவில் சுட்ட இறைச்சியே வைப்பதில்லை, பலியைப் போலத் தோன்றிவிடக் கூடாது என்று. இன்றும் ஆடு பலியிடுபவர்கள் கெரிசீம் மலையில் உள்ள சமாரியர்கள் என்ற சிறு சமூகத்தார். ஆகவே சின்ன மாமனார் தேடிய பிரிஸ்கெட் யாத்திராகமத்தில் இல்லை. அது வேகவைத்த மாட்டு மார்பிறைச்சி. அவருக்கு அது பிடிக்கும், அவர் அம்மா செய்தது, அதை நான் மதிக்கிறேன். பிடிக்கும் என்று சொல்லட்டும், விதி என்று சொல்ல வேண்டாம்.

"இறைச்சி இல்லாமல் பண்டிகை மகிழ்ச்சி இல்லை" என்பது அடுத்தது. அதற்கும் பதில் பெசாகிமிலேயே இருக்கிறது. ஆலயம் இருந்தவரை மகிழ்ச்சி இறைச்சியில், இப்போது மகிழ்ச்சி ஒயினில் என்று ரபி யெஹூதா பென் பெதேரா சொல்கிறார். 12-ஆம் நூற்றாண்டு யூதச் சட்ட அறிஞர் மைமோனிடிஸ் இறைச்சியும் வேண்டும் என்று எழுதியிருக்கிறாரே என்பீர்கள். எழுதியிருக்கிறார்தான். அவரை அப்படியே பின்பற்றுகிறவர்கள் அதைச் சொல்லட்டும், கேட்டுக்கொள்கிறேன். வருடத்தில் மற்ற நாளெல்லாம் அவரைத் திறந்தே பார்க்காதவர்கள் என் சமையலறை வாசலில் மட்டும் அவரைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டாம்.

"மீன் வைத்திருக்கலாமே" என்றவர்களுக்குப் பதில் கிடையாது.

வீகன்களுக்குக் கஷ்டம் என்ற கருத்து நியாயமானது. முட்டையும் பாலும் இல்லாமல், பருப்பும் இல்லாமல் 8 நாள் என்பது உண்மையிலேயே சிரமம். கொட்டைகள், காளான், கினோவா என்றுதான் ஓட்ட வேண்டும், அந்தக் கினோவாவுக்கே, யூத உணவு விதிச் சான்று தரும் அமெரிக்க அமைப்பான ஆர்த்தடாக்ஸ் யூனியன் 2013 இறுதியில்தான் பஸ்கா ஒப்புதல் கொடுத்தது.

இது ஏதோ இந்தியாவிலிருந்து வந்தவள் கொண்டுவந்து திணித்த பழக்கம் என்ற தொனி இருந்ததே, அதுதான் என்னை அதிகம் தைத்தது. ஃபான்யா லெவாண்டோ என்ற யூதப் பெண் வில்னாவில் (இன்றைய லிதுவேனியாவின் வில்னியஸ்) சைவ உணவகம் நடத்தினார். ஓவியர் மார்க் ஷகால் அங்கே சாப்பிட்டு விருந்தினர் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். 1938-ல் ஃபான்யா, கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் யிட்டிஷ் மொழியில் சுமார் 400 குறிப்புகளோடு சைவச் சமையல் புத்தகம் போட்டார், அதில் பஸ்காவுக்கென்றே தனிப் பகுதி உண்டு. இரண்டாம் உலகப் போரில் அவரும் கணவரும் மாண்டார்கள், அந்த நகரத்தின் யூத வாழ்வே அழிக்கப்பட்டது. புத்தகம் தப்பியது. 1921-ல் பாலஸ்தீனத்தின் முதல் அஷ்கெனாசி தலைமை ரபியாகப் பொறுப்பேற்றவரான ஆபிரகாம் ஐசக் குக், ஏதேனில் மனிதனுக்குக் கொடுத்தது செடிகொடிகளே, இறைச்சி நோவா காலத்து வெள்ளத்துக்குப் பிறகு வந்த அனுமதி, மனிதர்கள் ஒரு காலத்தில் அங்கேயே திரும்புவார்கள் என்று எழுதினார். அவர் இறைச்சியை அடியோடு விட்டவரில்லை, தெரியும். ஆனால் இந்த எண்ணம் அவர்கள் வீட்டுக்குள்ளேயே பிறந்தது. நான் வெளியிலிருந்து கொண்டுவரவில்லை. இத்தனை வருடம் இந்த மேசைக்குச் சமைத்து, பரிமாறி, பாத்திரம் கொதிக்கவைத்து எடுத்த பிறகும் ஒரு குழம்பு பிடிக்கவில்லை என்றால் நான் "இந்தியாவிலிருந்து வந்தவள்" ஆகிவிடுகிறேன். பிரிஸ்கெட்டைப் பரிமாறியபோது யாரும் அப்படிச் சொன்னதில்லை.

நம்மவர்களுக்கும் ஒரு வார்த்தை. "நம்ம சைவம்தான் உயர்ந்தது, அவர்களுக்கு என்ன தெரியும்" என்று எனக்கு ஆதரவாக எழுதியவர்களே, அந்த ஆதரவு எனக்கு வேண்டாம். நம் ஊரில் அந்தப் பேச்சு யாரை எந்த வாசலில் நிறுத்தியது என்று எல்லாருக்கும் தெரியும். என் மாமியார் இறைச்சி சாப்பிடுகிறார், என் கணவர் சாப்பிடுகிறார், முதல் நாள் செடரில் பிரிஸ்கெட் இருந்தது, அதைப் பரிமாறியதும் நான்தான். யார் தட்டும் தாழ்ந்தது என்று நான் சொல்லவில்லை. வயிறு நிறையாமல் ஒரு பிள்ளை அந்த மேசையிலிருந்து எழக் கூடாது, அதைத்தான் சொல்கிறேன். விலக்கச் சொன்னது புளித்த மாவை, அவளை இல்லை.

அந்தக் குழுவில் அவளும் இருக்கிறாள். செய்தியையும் படித்தாள், சிரிப்புக் குறி போட்டவர்கள் யார் என்றும் பார்த்தாள். "என்னால்தான் எல்லாருக்கும் சாப்பாடு கெட்டுப்போனதா" என்று என்னைக் கேட்டாள்.

சின்ன மாமனாருக்குத் தமிழ் வராது, என் கணவர் இதைப் படித்துச் சொல்வார். என்னிடம் அவர் எதுவும் பேச வேண்டாம், எனக்கு விளக்கமும் வேண்டாம். அவளுக்கு ஒரு போன் போடட்டும். அடுத்த வருடமும் இரண்டாம் நாள் செடரை நான்தான் சமைக்கிறேன், மாமியார் நேற்றே சொல்லிவிட்டார்.