எங்க அப்பா கட்டிலைச் சுத்தி நின்னு கடவுளைப் பத்திப் பேசாதீங்க

வயிறு எரியுது. ஒரு வாரமா யார்கிட்டயும் சொல்லாம வெச்சிருந்தேன், இனிமே முடியாது.

போன ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நடந்தது இது. வியாசர்பாடி ஹவுசிங் போர்டுல எங்க வீடு. ஒரு ஹால், ஒரு சமையல்கட்டு. ஹால்லதான் அப்பாவோட கட்டில். துறைமுகத்துல 30 வருஷத்துக்கு மேல டாலி கிளார்க்கா இருந்தவர். கப்பல்ல இருந்து இறங்குற மூட்டை, பெட்டி எல்லாத்தையும் வெயில்ல நின்னு எண்ணி எழுதுற வேலை. அவருக்கு ஸ்ட்ரோக் வந்து அன்னைக்கு 41ஆவது நாள். மூளையோட இடப்பக்கம் ரத்தக்குழாய் அடைப்பு. வலது கையும் காலும் விழுந்துடுச்சு, கூடவே பேச்சும் போயிடுச்சு. நாம சொல்றது அத்தனையும் அவருக்குப் புரியுது. அவர் சொல்ல நினைக்கிற வார்த்தைதான் வாய்க்கு வர மாட்டேங்குது. தண்ணி கேக்க ஆரம்பிச்சு "தட்டு... தட்டு..."ன்னு வரும். தப்பா வருதுன்னு அவருக்கே தெரிஞ்சு கண்ணை மூடிக்குவார்.

ஆனா எண்ணுறது மட்டும் வருது. பேச்சுப் பயிற்சி குடுக்கிற மேடம்தான் விளக்கினாங்க. ஒண்ணு ரெண்டு மூணு, திங்கள் செவ்வாய் புதன்னு வரிசையா ஊறிப்போனது எல்லாம் பேச்சு போனவங்ககிட்டயும் பல நேரம் தங்கியிருக்குமாம். அதைப் பிடிச்சுக்கிட்டு மேல ஏறணும். வீடு அமைதியா இருக்கணும். டிவி ஓடக்கூடாது. ஒரு நேரத்துல ஒருத்தர்தான் பேசணும், சின்னதா பேசணும், பதில் வர்ற வரைக்கும் காத்திருக்கணும். எங்க வீட்ல எல்லாருக்கும் இதைச் சொல்லியாச்சு, ஒரு தடவை இல்ல, பத்து தடவை.

அன்னைக்கு அப்பா ஆறு வரைக்கும் எண்ணிட்டார். மறுபடி வாய் திறந்து "ஏ..."ன்னு ஆரம்பிக்கிறார். கதவைத் தட்டாமயே உள்ள வந்தாங்க அத்தை, பெரியம்மா, சித்தப்பா மூணு பேரும்.

அத்தை நேரா கட்டிலாண்ட போய் நின்னாங்க. "அண்ணே, இன்னும் எத்தினி நாள் கல்லையும் மண்ணையும் கும்ட்டுனு இருப்ப? இந்த அடி அதுக்குத்தான் விழுந்துக்குது. இப்பவாவது மனசு மாறு. சபைல எல்லாரும் உனுக்காக ஜெபம் பண்றோம்."

பெரியம்மாவுக்குப் பொறுக்கல. "இன்னாம்மா பேசற நீ? மூணு வருசமா கொலதெய்வத்துக்குப் பொங்க வெக்கல இவங்க. ஆத்தா சும்மா வுடுவாளா?"

சித்தப்பா கறுப்புச் சட்டையை இழுத்து விட்டுக்கிட்டு நாற்காலில உக்காந்தார். "ஒருத்தி அடிக்கிறா, ஒருத்தர் தண்டிக்கிறாரு. இவரு இன்னா பாவம் பண்ணாரு? உங்க ரெண்டு சாமியும் இருந்தா இவரு ஏன் இப்படிப் படுத்துனு கீறாரு?"

அவ்ளோதான். உலகத்தைப் படைச்சது யாருன்னு அத்தை, அப்ப அந்தப் படைச்சவரைப் படைச்சது யாருன்னு சித்தப்பா, எல்லாத்துக்கும் முந்தி ஆதிபராசக்திதான்னு பெரியம்மா. முக்கால் மணி நேரம். எங்கம்மா அந்தக் கூச்சலுக்கு நடுவுல டீ போட்டுக் குடுத்தாங்க. கட்டிலுக்கு மேலயே கை நீட்டி நீட்டிப் பேசினாங்க. அப்பா இடது கையால போர்வையைப் பிடிச்சு மெதுவா இழுத்து, முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கிட்டார். அதை ஒருத்தரும் பார்க்கல. அவங்க போனதும் மறுபடி எண்ண வெச்சேன். மூணோட நின்னுடுச்சு.

உங்க மூணு பேரையும் கேக்குறேன். எங்கப்பா இன்னா உங்க வழக்குக்கு சாட்சியா? ஒருத்தருக்கு இவர் உடம்பு தெய்வ குத்தத்துக்கு ஆதாரம், ஒருத்தருக்கு விக்கிரக ஆராதனைக்கு ஆதாரம், இன்னொருத்தருக்குக் கடவுளே இல்லங்கிறதுக்கு ஆதாரம். அவர் பிரஷர் மாத்திரையை ரெண்டு மாசமா சரியாப் போடல. ஆஸ்பத்திரில சேர்த்த அன்னைக்கு மேல் அளவு 210 இருந்துச்சு. காரணம் அது. நாங்க பார்க்காம விட்டது, அதுல என் தப்பும் இருக்கு, ராத்திரி தூக்கம் வராம நான் அதை நினைச்சுக்கிட்டுத்தான் கிடக்குறேன். இந்த 41 நாள்ல இப்போ மாத்திரை ஒழுங்கா போடுறாரான்னு உங்கள்ல ஒருத்தர் கேட்டிருப்பீங்களா?

அந்தக் காலையை நான் மறக்கல. அஞ்சரை மணிக்கு வாய் ஒரு பக்கம் கோணி, பேச்சு குழற ஆரம்பிச்சிருக்கு. நான் நைட் ஷிஃப்ட்ல இருந்தேன். அம்மா பயந்துபோய் உங்களுக்குத்தான் போன் போட்டாங்க. பெரியம்மா கோயில்ல போய் கயிறு வாங்கிட்டு வந்து கட்டினீங்க. அத்தை போன்லயே அரை மணி நேரம் ஜெபம் பண்ணீங்க. பகுத்தறிவு பேசுற சித்தப்பா "பிரஷர்தான், படுக்க வைங்க, சரியாப் போயிடும்"னு சொல்லிட்டீங்க. 108க்கு ஒருத்தரும் அடிக்கல. ஸ்ட்ரோக் ஆரம்பிச்ச நேரத்துல இருந்து நாலரை மணி நேரத்துக்குள்ள அடைப்பைக் கரைக்கிற ஊசியைப் போடணும். நான் வந்து தூக்கிட்டுப் போய் டாக்டர் முன்னாடி நின்னப்போ மணி பதினொண்ணு. "எப்ப ஆரம்பிச்சுது?"ன்னு அவர் கேட்டார். நான் சொன்னேன். அவர் ஒண்ணும் சொல்லாம எழுத ஆரம்பிச்சார்.

முகம் கோணுச்சா, கை தூக்க முடியலையா, பேச்சு குழறுதா, உடனே 108. இதை எந்த மதத்துக்காரரும் மதமே இல்லாதவரும் தெரிஞ்சுக்கலாம்.

கடவுளைப் பத்திப் பேசவே கூடாதுன்னு நான் சொல்லல. எனக்கு அந்தப் பேச்சு உயிர். சின்ன வயசுல சித்தப்பாதான் மொட்டை மாடில உக்கார வெச்சு, 1880கள்லயே இந்தச் சென்னைல 'தத்துவ விவேசினி'ன்னு நாத்திகப் பத்திரிகை தமிழ்ல நடந்துச்சுன்னு சொன்னார். பௌர்ணமியன்னைக்கு மேலூர், திருவொற்றியூர், திருமுல்லைவாயல்னு மூணு அம்மனையும் ஒரே நாள்ல பார்க்க அம்மாவோட நானும் பஸ் மாறி மாறிப் போயிருக்கேன். இது லேசான கேள்வி இல்ல. அதனாலதான் நீங்க அதைப் பேசுற விதம் எனக்கு ஆத்தாமையா இருக்கு.

இந்த மொழில இதைப் பேசுனவங்க எப்படிப் பேசுனாங்க தெரியுமா? மணிமேகலை வஞ்சி நகரத்துல சைவவாதி, வைணவவாதி, ஆசீவகவாதி, சாங்கியவாதின்னு ஒவ்வொருத்தர்கிட்டயா போய் உங்க கொள்கை என்னன்னு கேக்குறா. உலகத்துல நிலம், நீர் மாதிரியான பூதங்களைத் தவிர வேற ஒண்ணும் இல்லங்கிற பூதவாதிகிட்டயும் கேக்குறா. 13ஆம் நூற்றாண்டுல அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியார்ங்கிற சைவ சித்தாந்த நூல்ல பரபக்கம்னு ஒரு முழுப் பகுதியே எழுதினார். கண்ணால பார்க்கிறதை மட்டும் நம்புற உலகாயதன், பௌத்தன், சமணன்னு எதிராளி ஒவ்வொருத்தரோட மதத்தையும் முதல்ல அவங்க சொல்ற மாதிரியே எடுத்து வைப்பார், அப்புறம்தான் மறுப்பு. மறுக்கிறதுக்கே எதிராளியை முழுசா கேக்கணும்னு அவருக்குத் தெரிஞ்சிருந்துச்சு. நீங்க மூணு பேரும் முக்கால் மணி நேரத்துல ஒரு தடவையாவது அடுத்தவங்க சொன்னதை முழுசா கேட்டீங்களா? அத்தை மூச்சு விடுற இடத்துல சித்தப்பா, சித்தப்பா டீ குடிக்கிற இடத்துல பெரியம்மா.

பெருவெடிப்பை வேற இழுத்துட்டு வந்தீங்க. அதாலதான் உலகம் வந்துச்சு, கடவுளுக்கு வேலையே இல்லன்னு சித்தப்பா. 'ஒளி உண்டாகக்கடவது'ன்னு வேதத்துல அப்பவே எழுதியிருக்குன்னு அத்தை. உலகம் ஒரு அணு மாதிரியான தொடக்கத்துல இருந்து விரிஞ்சு வந்துச்சுன்னு 1931ல சொன்ன ஜார்ஜ் லெமெய்த்ர் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார், சித்தப்பா. 1951ல போப் 12ஆம் பயஸ் அந்தக் கருத்தைப் படைப்புக்கு ஆதாரம் மாதிரி பேசினப்போ அது பிடிக்காமப் போனதும் அதே பாதிரியாருக்குத்தான், அத்தை. தன்னோட கணக்கு சமயக் கேள்விக்கு வெளியில நிக்குது, நம்புறவரும் நம்பாதவரும் அவங்கவங்க இடத்துலயே இருக்கலாம்கிறதுதான் அவர் நிலை. வானத்தையே அளந்த மனுஷன் அவ்ளோ ஜாக்கிரதையா இருந்தார். உங்களுக்கு மட்டும் எங்கப்பா கை விழுந்ததுக்குக் கூட மேல இருந்து காரணம் தெரிஞ்சுடுது.

எங்கப்பா என்ன நம்பினார்னு யாருக்காவது தெரியுமா? சம்பள நாள்ல பெரம்பூர் லூர்து மாதா கோயில்ல மெழுகுவத்தி ஏத்திட்டு வருவார். ஆடி மாசம் தெரு அம்மனுக்குக் கூழ் ஊத்துறப்போ அண்டா தூக்குவார். சித்தப்பா கூட்டிட்டுப் போன கூட்டத்துல முதல் வரிசைல உக்காந்து கை தட்டுவார். மூணும் எப்படி ஒரே ஆளுக்குள்ள இருந்துச்சுன்னு நானும் கேட்டதில்ல. அவர்கிட்ட கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. கேக்கலாம்னு இப்போ தோணுறப்போ அவருக்குத் தண்ணின்னே சொல்ல வரல. பதில் பேச முடியாத மனுஷன் தலைமாட்டுல நின்னு அவர் பாவம் செஞ்சார், அவர் நம்பிக்கை தப்புன்னு பேச உங்களுக்கு எப்படி வாய் வருது?

செவ்வாய்க்கிழமை அவரோட துறைமுகத்துல வேலை பார்த்த அண்ணன் ஒருத்தர் வந்தார். செருப்பை வாசல்லயே விட்டுட்டு, கட்டில் பக்கத்துல தரையில உக்காந்து, அப்பாவோட இடது கையைப் பிடிச்சுக்கிட்டார். "இன்னா துன்ன காலைல?"ன்னு கேட்டார். அப்பா வாய் அசைஞ்சுச்சு. ஒண்ணும் வரல. அம்மா பதில் சொல்லப் போனாங்க, அந்த அண்ணன் வேணாம்னு தலையாட்டினார். ஃபேன் சத்தம் மட்டும் கேட்டுச்சு. ஒரு நிமிஷம் இருக்கும், அதுக்கு மேலயும் இருக்கலாம். "இட்... இட்லி." அப்பா சிரிச்சார். ஸ்ட்ரோக் வந்ததுக்கு அப்புறம் வரிசைல இல்லாம, கேட்ட கேள்விக்குச் சரியா வந்த முதல் வார்த்தை அது. அந்த அண்ணன் எந்தச் சாமியைக் கும்பிடுறார்னு எனக்குத் தெரியாது.

நாளைக்கு ஞாயித்துக்கிழமை. மூணு பேரும் வருவீங்கன்னு தெரியும், வாங்க. வேதமும் வேணாம், விபூதியும் வேணாம், துண்டறிக்கையும் வேணாம். ஒருத்தர் மட்டும் கட்டிலாண்ட உக்காருங்க, மத்தவங்க வராண்டாவுல இருங்க. அப்பாகிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க. பதில் வர நேரமாகும். அதுவரைக்கும் வாயைத் திறக்காதீங்க.