பிரதிஷ்டைப் பண்டிகை நமக்கு வேண்டாமாம்

வியாழக்கிழமை சங்கக் கூட்டத்தில் நடந்தது இதற்குள் உங்களில் பாதிப் பேருக்கு வீடியோவாகவே வந்திருக்கும். ஹனுக்கா என்ற யூதப் பண்டிகையைப் பற்றி நான் பேசினேன், பாதியிலேயே மைக் அணைந்தது. அதற்கு மேல் கதையைத் திரும்பச் சொல்லவில்லை. "நம்ம சபைக்குள்ள யூதமார்க்கத்தைக் கொண்டு வராதேம்மா" என்றாரே அந்தப் பெரியவர், அதற்கு மட்டும் பதில்.

ஐயா, நான் கொண்டு வரவில்லை. யோவான் கொண்டு வந்திருக்கிறார். பத்தாம் அதிகாரம், 22ஆம் வசனம்: "பின்பு எருசலேமிலே தேவாலயப் பிரதிஷ்டைபண்டிகை வந்தது, மாரிகாலமுமாயிருந்தது." அதுதான் ஹனுக்கா. அந்த எபிரெயச் சொல்லுக்கே பிரதிஷ்டை என்றுதான் அர்த்தம். அடுத்த வசனத்தில் சாலொமோனுடைய மண்டபத்தில் உலாவுகிறவர் யார்? இயேசு!

நாமும் வருஷா வருஷம் ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகை வைக்கிறோம். சீரியல் லைட், கொடி, அசனம் என்கிற சபை விருந்து. அசனத்துக்குக் கத்திரிக்காய் நறுக்கியே என் அம்மாவின் விரல் கறுத்துப்போகும். அதே வார்த்தை பைபிளில் எந்தப் பண்டிகைக்கு வருகிறது என்று சொன்னால் மட்டும் யூதமார்க்கம்.

என் பெரியம்மா ஆர்.சி. (கத்தோலிக்க) குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். பத்தாவது முடிந்த லீவில் அவர் வீட்டுப் பைபிளில்தான், நம் பைபிளில் இல்லாத மக்கபேயர் நூலை முதலில் வாசித்தேன். ஹனுக்கா பிறந்த கதை அதில் இருக்கிறது. கி.மு. 167இல் அந்தியோக்கு மன்னன் எருசலேம் ஆலயத்தைத் தீட்டுப்படுத்துகிறான். 164இல் யூதா மக்கபேயும் கூட இருந்தவர்களும் அதை மீட்கிறார்கள். தீட்டான பலிபீடத்தின் கற்களை என்ன செய்வதென்று அவர்களுக்குத் தெரியவில்லை. ஒரு தீர்க்கதரிசி வந்து சொல்லட்டும் என்று ஓரமாக எடுத்து வைக்கிறார்கள். அதே பண்டிகை நாளில், அதே ஆலயத்துக்கு இயேசு வருகிறார். "நீர் கிறிஸ்துவானால் எங்களுக்குத் தெளிவாய்ச் சொல்லும்" என்று கேட்டவர்கள், அவர் சொன்னதும் கையில் எடுத்தது என்ன? கல். இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் என் மைக் அணைந்தது.

"மோசேயின் நியாயப்பிரமாணத்தில் இந்தப் பண்டிகை இல்லையே?" இல்லைதான். கிறிஸ்துமஸ் எந்த அதிகாரத்தில் இருக்கிறது? "அந்த ஆலய விளக்கில் ஒரு நாள் எண்ணெய் எட்டு நாள் எரிந்தது கட்டுக்கதை." மக்கபேயரில் அது இல்லை, பிற்கால யூத போதகர்களின் தொகுப்பான தல்மூதில்தான் வருகிறது, நான் எண்ணெயைப் பற்றிப் பேசவே இல்லை. ஹனுக்காவின் ஒன்பது கிளை விளக்கை மேடையில் வைத்து ஆசீர்வாதம் விற்கிறவர்களை எனக்கும் பிடிக்காது. "கொலோசெயர் 2:16 படி." படித்தேன். பண்டிகைநாளைக் குறித்து "ஒருவனும் உங்களைக் குற்றப்படுத்தாதிருப்பானாக" என்றிருக்கிறது. குற்றப்படுத்தியது யார், நானா?

காசாவை இழுத்து வந்தவர்களுக்குப் பதில் சொல்லப் போவதில்லை. நான் பேசியது யோவான் 10.

என் வீட்டுக்காரர் போன பிறகு இரண்டு வருஷம் ஆலயப் படி ஏறவில்லை. திரும்பி வந்தபோது கடைசி பெஞ்சில், செருப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். தீட்டுப்பட்ட ஆலயத்தையே சுத்தம்பண்ணித் திரும்பப் பிரதிஷ்டை பண்ணலாம் என்றால், உங்கள் சரீரம் பரிசுத்த ஆவியின் ஆலயம் என்று பவுல் சொன்னது எனக்கும்தானே என்று அன்றைக்கு நினைத்தேன். ஹனுக்கா எனக்கு அவ்வளவுதான். அந்த இரண்டு வருஷத்தில் ஏன் வரவில்லை என்று ஒருத்தர்கூட வீட்டு வாசலுக்கு வந்து கேட்கவில்லை. இப்போது உபதேசம் கெட்டுவிடும் என்று மட்டும் எத்தனை அக்கறை!

குறிப்பில் இன்னும் அரைப் பக்கம் மிச்சம் இருந்தது. அது கிடக்கட்டும். வருகிற பிரதிஷ்டைப் பண்டிகைக்குக் கத்திரிக்காய் நறுக்க எப்படியும் என்னைக் கூப்பிடுவார்கள். போவேன்தான்.