சென்சருக்கு முன்னால் கூத்து

திருகோணமலையில் இப்போது எந்தப் புதுக் கட்டடத்துக்குள் போனாலும் சென்சருக்குக் கூத்தாட வேண்டியிருக்கிறது. கதவு திறக்க ஒரு ஆட்டம். பைப்பில் தண்ணீர் வர ஒரு கும்பிடு. கழிப்பறையில் கொஞ்சம் அசையாமல் இருந்தால் லைட் போய்விடும். அங்கே வேறு எப்படி இருப்பதாம்?

அந்த லைட் சென்சர் பார்ப்பது உடம்புச் சூட்டின் அசைவை. பின்னாலிருக்கும் சுவரின் சூட்டுக்கும் நம் சூட்டுக்கும் வித்தியாசம் இருந்தால்தான் அதற்குத் தெரியும். கச்சான் காற்றுக் காலத்தில், 35 பாகை வெக்கையில், சுவரும் நானும் ஒரே சூடு. அதன் கணக்கில் நானும் சுவர்தான்!

வருபவர் பெயர் பதியும் தொடுதிரையையோ கடல் பார்த்த கண்ணாடிக்கு நேரே வைத்திருக்கிறார்கள். இந்த ஊரில் சூரியன் கடலிலிருந்துதான் எழும்பும் என்று வடிவமைத்தவருக்கு யாரும் சொல்லவில்லையா? காலையில் போனால் அதில் என் முகம்தான் தெரிகிறது. சரி, குத்துமதிப்பாகத் தொடுவோம் என்றால், விரல் எது வியர்வை எது என்று அதற்குப் புரிவதில்லை. தமிழைத் தொட்டால் சிங்களம் வருகிறது. சிங்களத்தைத் தொட்டால் முதல் பக்கம் வருகிறது.

கடைசியில் காவலுக்கு நிற்கும் ஐயா கொப்பியைத் திறக்கிறார்: “பேரைச் சொல்லுங்கோ தம்பி, நான் எழுதிறன்.” பிறகு எதற்கு ஐயா அவ்வளவு பெரிய திரை?