குளிருதுன்னு போத்தினேன்

(இலங்கை மலையகத்தில், நானுஓயா பக்கம் ஒரு பழைய பங்களா. கராஜுக்குள் ஒரு சிவப்பு மஸ்டா ரோட்ஸ்டர். 1990 மொடல், ரெண்டே சீட், மடக்குக் கூரை. மொதலாளி இருப்பது கொழும்பில். ஏப்ரல் சீசனுக்கும் எப்போதாவது ஒரு நீண்ட லீவுக்கும் வந்து ஓட்டிவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் வண்டி வாச்சர் செல்வத்தின் பொறுப்பு. இன்று ஸ்டார்ட் ஆகவில்லை. மெக்கானிக் ராஜு பாஸ் வந்திருக்கிறார்.)

பாஸ்: தம்பி, கார் எங்க? இங்க ஒரு தறப்பாள் மூட்டைதான் கெடக்கு.

செல்வம்: அதுக்குள்ளதான்ணே இருக்கு. ராத்திரிப் பனிக்கு மனுசனுக்கே ரெண்டு கம்பளி வேண்டியிருக்கு. பாவமா இருந்திச்சு, குளிருதுன்னு போத்தினேன்.

பாஸ்: கம்பளி நம்மள சூடாக்குதுன்னா, நம்ம ஒடம்புல சூடு இருக்கு. ஓடாத இஞ்சினுக்கு ஏதுடா சூடு? நீ போத்தி வச்சது குளிர. வெளிய போகாம பத்திரமா காவல் காத்திருக்க. கயித்த அவுரு.

(தறப்பாள் விலகுகிறது. தண்ணீர் பாஸின் சப்பாத்தில் சொட்டுகிறது.)

செல்வம்: கூரை ஒழுகுது போல.

பாஸ்: கூரை ஒழுகினா தறப்பாளுக்கு மேல நனையணும். இது அடிப்பக்கம் நனைஞ்சிருக்கு. தரையில இருந்து ஏறுற ஈரம், நீ கழுவி விட்ட ஈரம் எல்லாம் போக வழியில்லாம உள்ளயே நிக்கிது. ராத்திரி பூரா இந்த இரும்பு பத்து டிகிரியில கெடந்திருக்கும். பகல்ல வெயில் வந்து காத்து சூடானா, அதுல ஈரமும் கூட இருக்கும். அந்தக் காத்து குளிர்ந்த தகரத்துல பட்டா, பட்ட எடத்துலயே தண்ணியாயிரும். இது தெனமும் நடக்குது. கதவுக்குள்ளயும் நடக்குது, வயர் இணைப்புலயும் நடக்குது.

செல்வம்: அப்ப அம்மணமா விடச் சொல்றீங்களா?

பாஸ்: காத்துப் போற துணி உறை இருக்கு, உள்ள நிக்கிற காருக்குன்னே விக்கிறாங்க. அதைக் கூட வண்டி காஞ்சு, தூசி இல்லாம இருக்கும்போதுதான் போடணும். தூசி மேல போத்தி இழுத்தா பெயின்ட்ல உப்புத்தாள் தேச்ச மாதிரி கோடு விழும். அப்புறம் இந்த சிமெந்துத் தரை. ஒன்றரை அடி சதுரத்துக்கு ஒரு பொலித்தீன் வெட்டி நாலு பக்கமும் டேப் ஒட்டு. ஒரு நாள் கழிச்சுத் தூக்கிப் பாரு. அடியில வேர்த்திருந்தா தரைதான் உனக்கு எதிரி. வண்டி நிக்கிற எடம் பூரா கனமான பொலித்தீன் விரிச்சு, அது மேல பலகை போட்டு நிப்பாட்டணும்.

செல்வம்: மொதலாளிக்கு ஒரு மெத்தையும் வாங்கச் சொல்லட்டா?

பாஸ்: ஈரம் உறிஞ்சுற மெசின் ஒண்ணு வாங்கச் சொல்லு. ஆனா இந்த ஊருக்குக் கொம்பிரசர் வச்சது சரிவராது. குளிர்ல அது சோம்பேறியாயிரும், கொயில்ல ஐஸ் கட்டும். சிலிக்கா ஜெல் மாதிரி ஈரம் குடிக்கிற பொருள வச்சு வேல செய்யிற வகைதான் இங்க ஓடும். ஈரப்பதம் 50, 60 வீதத்துல நின்னாப் போதும். சரி, டிக்கியத் தொற, பெட்டறியப் பாப்போம்.

செல்வம்: பெட்டறி பொனட்டுக்குள்ளதானே இருக்கும்?

பாஸ்: இந்த வண்டிக்கு டிக்கியில. பாரம் முன்னாடியும் பின்னாடியும் சமமா இருக்கட்டும்னு வச்சிருக்கான். மொத்தம் 940 கிலோதான் வண்டியே. இது என்னடா மணம்?

செல்வம்: லீக்ஸ்ணே. மச்சான் தோட்டத்துல புடுங்கினது. சும்மாதானே கெடக்குன்னு ரெண்டு கட்டு வச்சேன். கொஞ்சம் கெழங்கும்.

பாஸ்: (மீட்டரை வைத்தபடி) 11.8 வோல்ட். நிறைஞ்ச பெட்டறி 12.6க்கு மேல காட்டணும். 12.4க்குக் கீழ எறங்கி அப்படியே நின்னா தட்டுல சல்பேட் படிஞ்சு கெட்டியாகும், அப்புறம் எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பழைய சத்து வராது. வண்டி நிக்கும்போதும் மணிக்கூடு, ரேடியோ, அலாரம்னு ஒரு 30 மில்லி ஆம்பியர் போயிட்டேதான் இருக்கும். ஒரு மாசத்துக்குக் கணக்குப் பாரு, 21 ஆம்பியர் அவருக்கு மேல. இந்தச் சின்னப் பெட்டறியில மொத்தமே 30 சொச்சந்தான். நீ வேற ஏதாவது போட்டியா?

செல்வம்: ஒண்ணும் போடலண்ணே. சாயந்தரம் புள்ளைங்க வந்து "மாமா, கார் கண்ணத் தொறக்கச் சொல்லுங்க"ன்னு கேப்பாங்க. முன் லைட்டு மேல எழும்பும், கீழ எறங்கும். ஒரு பத்துத் தரம்.

பாஸ்: தெனமுமா?

செல்வம்: ஞாயித்துக்கெழம ரெண்டு காட்சி.

பாஸ்: பத்தாம் நம்பர் ஸ்பேனர எடு. கறுப்பு வயர், நெகட்டிவ், அதை மட்டும் கழட்டி ஒதுக்கி வச்சிட்டா காட்சியும் முடிஞ்சுது, கசிவும் முடிஞ்சுது. இல்லன்னா தானா நிறுத்தித் தானா தொடங்குற சார்ஜர் ஒண்ணு மாட்டி விடலாம். இதுல இருக்கிற மாதிரி அசிட் சிந்தாத மூடின வகை, ஏஜிஎம்னு சொல்ற பெட்டறிக்குத் தனி செட்டிங் இருக்கணும், கரண்ட் போய் வந்தா அதுவே எழும்பணும். பழைய கராஜ் சார்ஜர மாட்டிட்டுத் தூங்கப் போயிராத, அது அவிச்சு வச்சிரும். இன்னொண்ணு. யாராவது "லொறிப் பெட்டறி ஒண்ணு போட்ருவோம்"னு சொன்னா வெரட்டி விடு. டிக்கிக்குள்ள இருக்கிறது மூடின வகையா, வாயு வெளிய போகக் குழாய் உள்ளதா இருக்கணும். சாதாரணப் பெட்டறி விடுற அசிட் ஆவியில டிக்கித் தகரம் துருப்புடிச்சு ஓட்டையாயிரும்.

செல்வம்: லீக்ஸுக்கும் நல்லதில்ல.

பாஸ்: (பொனட்டைத் திறக்கிறார்) இது என்ன? ஏர் கிளீனர் பக்கத்துல ஒரு வெள்ளைச் சொக்ஸ்!

செல்வம்: ஐயோ, அத மூணு நாளாத் தேடுறோம்ணே!

பாஸ்: செல்வம், என்னையப் பாத்துச் சொல்லு. வண்டிய எதுக்கு தெனமும் ஸ்டார்ட் பண்ற?

செல்வம்: வண்டி நல்லா இருக்கட்டும்னுதான்... அப்புறம் மழைக்காலத்துல இஸ்கூல் யூனிபோம் காயிதில்லண்ணே. வெள்ளை உடுப்பு. ஒரு இருபது நிமிசம் ஓட விட்டா பொனட்டு நல்லா சுடும்.

பாஸ்: சுடும். பெட்ரோல் எரிஞ்சா என்ன வரும்னு தெரியுமா? தண்ணி. ஒரு லிட்டர் எரிச்சாக் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணி, ஆவியா வரும். ரோட்டுல ஓடினா சைலன்சர் சூட்டுல அது வெளிய போயிரும். நின்ன எடத்துல ஓடினா கடைசிப் பெட்டி சூடாகாம, ஆவி அங்கயே தண்ணியாத் தங்கி உள்ளுக்குள்ள இருந்து அரிக்கும். இஞ்சினுக்குள்ளயும் இதே கததான். எண்ணெய் எண்பது, தொண்ணூறு டிகிரிக்கு வந்தாத்தான் அதுல சேர்ந்த ஈரமும் பெட்ரோலும் பறக்கும். இந்தா, எண்ணெய் மூடியக் கழட்டிப் பாரு.

செல்வம்: பால் டீ நெறத்துல ஏதோ ஒட்டியிருக்கு.

பாஸ்: உன் புள்ளைங்க யூனிபோம்ல இருந்து போன ஈரத்த நீ இஞ்சினுக்குக் குடுத்திருக்க. ஸ்டார்ட்டர் இழுக்கிற கரண்டும், நீ காட்டுற படமும் சேர்ந்து, நின்னு ஓடுற ஓட்டத்துல திரும்பி வரல. அதான் பெட்டறி செத்துது. கதவாவது தொறந்து வச்சிருந்தியா?

செல்வம்: சாத்தித்தான்ணே. குளிருமில்ல?

பாஸ்: (உரக்க) சாத்தியா? மணமே தெரியாத வாயுடா அது, கார்பன் மொனொக்சைட்! தலையிடிக்கும், கண்ணச் சொருகும், அப்புறம் எழும்ப மாட்ட!

செல்வம்: ஓஹோ... அதான் உடுப்பு காயிற நேரத்துல அப்படி ஒரு சுகமான தூக்கம் வருதா!

பாஸ்: இனிமே இந்தக் கராஜுக்குள்ள இஞ்சின் ஓடக் கூடாது. வெளிய எடுத்து, உடனே ரோட்ல எறக்கணும். இல்லன்னா ஸ்டார்ட்டே பண்ணாத, சும்மா கெடக்கட்டும். வண்டிய முன்னாடி தள்ளு பாப்போம். ஏன் அசைய மாட்டேங்குது?

செல்வம்: ஹேண்ட்பிரேக்ணே. எடம் சரிவில்ல? ரெண்டு கையாலயும் இழுத்து வச்சேன். கழுவிட்டு வந்ததும் மொத வேல அதுதான்.

பாஸ்: ஈரமான டிஸ்க்குல பேட அழுத்தி ஒரு மாசம் வச்சா ஒட்டத்தானே செய்யும். இந்த மொடலுக்குப் பின் சக்கரத்துல பேட அழுத்துற கெலிப்பர்ல ஹேண்ட்பிரேக் லீவர் எறுகுறது ஏற்கெனவே வழக்கமான வியாதி. கேபிள விட்டா லீவர் தானா திரும்பி முட்டணும், கெலிப்பர் சறுக்குற ஆணி ரெண்டும் கையாலயே நகரணும். அதுக்கு பிரேக் கிரீஸ்தான், வண்டிக் கிரீஸ் இல்ல. நிப்பாட்டும்போது கியர்ல போட்டு, முன்னாடியும் பின்னாடியும் மரக்கட்டை வை, ஹேண்ட்பிரேக்க எறக்கி விடு. கழுவினா ஒரு சுத்து ஓட்டி பிரேக்கக் காய வச்சிட்டுத்தான் உள்ள விடணும். டயருக்கு அடியில என்ன?

செல்வம்: எலுமிச்சம்பழம். பூச போட்டப்ப வச்சது. 940 கிலோன்னு நீங்க சொன்னீங்க, ஆனா நசுங்கவே இல்ல பாருங்க.

பாஸ்: டயர் ஏறவேயில்ல, பக்கத்துல கெடந்து காஞ்சிருக்கு. டயர்லயும் காத்தில்ல. ஓட்டும்போது 26 பவுண்டு. மாசக்கணக்கா நிக்கும்போது 36 அடிச்சு வை, ஒரே எடத்துல தட்டையாகாது. டயர்ல போட்டிருக்கிற உச்ச அளவத் தாண்டாத. ஆனா ஓட்ட முன்னாடி மறக்காம 26க்கு எறக்கணும். மறந்துட்டு மொதலாளி 36லயே வளைவுல திருப்பினார்னா வண்டியோட பின்பக்கம் முன்பக்கத்த முந்தப் பாக்கும்.

செல்வம்: ஜாக்கி போட்டுத் தூக்கி வச்சா டயர் பிரச்சினையே இல்லையேண்ணே?

பாஸ்: சக்கரம் தொங்கும், அதத் தாங்குற மூட்டுல இருக்கிற புஷ் ரப்பரெல்லாம் முறுக்கின நெலையிலயே கெடக்கும். வருசக்கணக்கா நிக்கிற வண்டிக்கே யோசிச்சுத்தான் செய்யணும். இதுக்குத் தேவையில்ல. கூரை என்னடா இப்படிப் பளபளக்குது?

செல்வம்: (பெருமையாக) தேங்காண்ணெய்!

பாஸ்: (தலையில் கை வைத்து) சமைச்சும் வச்சிருக்க. ஈரத்துக்கு எண்ணெய் சேர்ந்தா பூஞ்சணம் புடிக்கும். எலிக்கும் விருந்து. மெல்லிய சோப்புத் தண்ணியில தொடச்சுக் காய வை. நனைஞ்ச கூரைய மடக்காத, நிக்கும்போது மேல போட்டே வை. பின் கண்ணாடி பிளாஸ்டிக், குளிர்ல மடக்கினா வெடிக்கும். ஜிப்ப இழுத்து, கண்ணாடியப் படுக்க வச்சிட்டுத்தான் கூரைய எறக்கணும். சீட்டுக்குப் பின்னால ரெண்டு பக்கமும் தண்ணி வடியிற ஓட்டை இருக்கு. அதுல எல, தூசி அடைஞ்சா தண்ணி உள்ள கார்ப்பெட்டுக்கும் கதவடிப் படிக்கும் போய்ச் சேரும். இந்த வண்டிங்க அங்கதான் அழுகும். புல்லு வெட்டுற நைலோன் கம்பிய மெதுவா விட்டுக் குத்து. காத்தடிக்காத, உள்ள குழாய் கழண்டுக்கும்.

செல்வம்: எலி ஒண்ணு ரெண்டு பாத்தேன். மருந்து வைக்கவா?

பாஸ்: மருந்து தின்னுட்டு ஹீட்டர் பெட்டிக்குள்ள போய்ச் செத்தா டாஷ்போர்ட்டக் கழட்டணும். பொறி வை, செவரோரமா. காத்துக் குழாயையும் சைலன்சர் வாயையும் கம்பி வலையால அடை. அடைச்சத மறந்து ஸ்டார்ட் பண்ணாம இருக்க ஸ்டியரிங்ல ஒரு சிவப்பு ரிபன் கட்டு. லீக்ஸும் கெழங்கும் இன்னைக்கே வீட்டுக்குப் போகணும்.

செல்வம்: ரேடியேட்டருக்குப் பைப்புத் தண்ணி ஊத்தியிருக்கேன். அதாவது சரியா?

பாஸ்: இல்ல. ஜனவரி, பெப்ரவரியில இங்க தேயிலையே பனியில கருகுது. கூலன்ட் பாதி, சுத்தத் தண்ணி பாதி. உறையாம இருக்கிறதுக்கு மட்டுமில்ல, உள்ள துருவையும் அதுதான் தடுக்குது. இஞ்சின் எண்ணெய, வண்டிய நிப்பாட்டி வைக்க முன்னாடியே மாத்தணும், பழசுல இருக்கிற அமிலம் பெயரிங்ல ஊறக் கூடாது. டேங்க் நிறைய இருக்கணும், வெறும் எடத்துலதான் ஈரம் படியும். பிரேக் எண்ணெய் டொட் 4, ரெண்டு வருசத்துக்கொருக்கா. புதுசு 230 டிகிரிக்கு மேலதான் கொதிக்கும், தண்ணி குடிச்சது 155லயே கொதிக்கலாம். ரம்பொட எறக்கத்துல பெடல் பஞ்சா போறது அப்படித்தான். இவ்வளவும் செஞ்சாலும் ரெண்டு, மூணு வாரத்துக்கொருக்கா நாப்பது நிமிசம் ஓட்டணும். அப்பத்தான் கிளட்ச் தட்டும் ஒட்டாது, சீலும் காயாது.

செல்வம்: எனக்கு லைசன்ஸ் இல்லையேண்ணே.

பாஸ்: நான் ஓட்டுறேன். லிந்துல, தலவாக்கலை வரைக்கும் போய்த் திரும்பலாம். மொதப் பத்து நிமிசம் மெதுவா. டிஸ்க்குத் துரு போக நாலஞ்சு தரம் மென்மையா பிரேக் அடிச்சு, அப்புறம் சூடானதும் ஒரு ஏத்தத்துல...

செல்வம்: கூலி எவ்வளவு?

பாஸ்: காசெல்லாம் வேணாம் தம்பி.

செல்வம்: (சந்தேகமாக) மெக்கானிக் காசு வேணாம்னா எங்கயோ லீக் இருக்கு. அப்படின்னா பக்கத்துச் சீட்டுல நான்.

பாஸ்: நீ எதுக்கு?

செல்வம்: வாச்சர்ணே. பாத்துக்கிறதுதான் வேல. கராஜ்ல இருந்தாலும் பாக்கணும், தலவாக்கலையில இருந்தாலும் பாக்கணும்.

பாஸ்: சரி, ஏறிக்க. மொதலாளிகிட்ட நான் பேசுறேன். ரெவென்யூ லைசன்ஸ் தேதியும் இன்சூரன்சும் பாத்து வை. எமிஷன் டெஸ்டுக்கும் இதே மாதிரி நல்லா சூடாக்கித்தான் கொண்டு போகணும்.

செல்வம்: வர்ற வழியில தலவாக்கலைச் சந்தையில நிப்பாட்டுவீங்களா? சம்சாரம் ஒரு மூட்ட அரிசி சொல்லியிருக்கா.

பாஸ்: மூட்டையும் நீயும்னா ஒரு சீட்டுதான் இருக்கு. எதுன்னு நீயே முடிவு பண்ணு.

செல்வம்: (கொஞ்சம் யோசித்து) அரிசிய பஸ்ல போட்டு விடலாம்ணே.